நகராவும் தண்டவாளத் துண்டும்

எங்கள் பாடசாலையின் மணி ஒரு தண்டவாளத் துண்டு. ஒரு முழ நீளம் இருக்கும். வேப்பமரக் கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அடிப்பதற்கு ஓர் இரும்புக் கம்பி. இதை யார் கொண்டுவந்தார்கள், எப்போது கொண்டுவந்தார்கள் என்று ஊரில் எவருக்கும் சொல்லத் தெரியாது. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். அதற்குத் தெற்கேயுள்ள எங்கள் கரைக்கு ரயில் இன்றுவரை வரவில்லை. தண்டவாளத் துண்டு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. நாட்டின் பல கிராமப் பாடசாலைகளிலும் இதே மணியைக் கண்டிருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை. ஒன்றுக்கு நாற்பது நிமிடம். நாற்பதாவது நிமிடத்தில் தண்டவாளம் ஒலித்தால், பிள்ளை வசனத்தின் நடுவில் இருந்தாலும் சரி, கணக்கின் கடைசி வரியில் இருந்தாலும் சரி, கொப்பியை மூடச் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடுகிறோம். இருபது வருடங்களுக்கு மேலாக நானும் அப்படித்தான் ஓடுகிறேன். பாடசாலை முடிந்தால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பு. மஃரிபுக்குப் பின் வேறொரு வகுப்பு. சனிக்கிழமை முழுநாள் வகுப்பு. றமழானுக்கு முஸ்லிம் பாடசாலைகள் மூடப்பட்டாலும் ரியூசன் மூடப்படுவதில்லை. வழியில் யாராவது, "என்ன சேர், பிசியா?" என்று கேட்டால், "ஒரே பிசி" என்று சொல்லுவதில் எனக்குள் ஒரு பெருமை இருந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிசி என்ற சொல்லுக்கு நமது பேச்சில் சரியான சொல் கிடையாது. அந்தரம் என்றால் தடுமாற்றம். அவதி என்றால் துன்பமும் சேர்ந்த அவசரம். இரண்டும் பெருமைப்படக்கூடியவை அல்ல. இதற்கு எதிரான சொல் நம்மிடம் உண்டு. "ஆறுதலா வாங்க", "ஆறுதலாப் பேசுவம்" என்கிறோம். மெதுவாக என்பதற்கும் தேற்றுதல் என்பதற்கும் நாம் ஒரே சொல்லையே வைத்திருக்கிறோம்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு பிள்ளையின் கொப்பி. 'காலம் பொன்னானது' என்ற தலைப்பைக் கரும்பலகையில் எழுதிக் கட்டுரை எழுதச் சொல்வது ஆசிரியர்களின் நெடுநாள் வழக்கம். வேறு தலைப்பு யோசிக்க நேரமில்லாத நாளில் நானும் அதையே எழுதினேன். ஒரு சிறுமி கட்டுரைக்குப் பதிலாகத் தனது நாளை எழுதியிருந்தாள். ஸுபஹுக்கு முன் எழும்புவது, ஓதப் போவது, பாடசாலை, என் வகுப்பு, வேறொருவரின் ஆங்கில வகுப்பு, வீட்டுப்பாடம், நித்திரை. கடைசியில், "வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் மட்டும் எனக்கு ஒன்றும் இல்லை" என்றிருந்தது. குறை சொல்வதுபோல் அல்ல, பெருநாளைச் சொல்வதுபோல் எழுதியிருந்தாள். ஒன்பது வயது. எழுத்துப் பிழை ஒன்றைச் சிவப்பு மையால் திருத்திவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன். அன்றிரவுதான் அந்த வரி திரும்ப வந்து நின்றது. இந்த ஓட்டம் நம்மிடம் எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

எங்கள் பள்ளிவாசலின் வெளி விறாந்தையில், நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு நகரா கிடந்தது. ஒலிபெருக்கி வந்த பிறகு அதை அடிப்பார் இல்லை. தோல் கிழிந்து, உள்ளே பூனை குட்டி போட்டிருந்தது. அது முழங்கிய காலத்தில் ஊரின் நாள் ஐந்து வக்துகளால் பிரிக்கப்பட்டிருந்தது. "ளுஹருக்கு முந்திக் கடைக்குப் போ", "அஸருக்குப் பொறகு வா", "இஷாவோட ஊட்ட வந்திரு" என்பதே பேச்சு. சந்திப்பு, கொடுக்கல் வாங்கல், கல்யாணப் பேச்சு எல்லாம் இந்தக் கணக்கில் நடந்தன. முதியவர்கள் அஸர் வக்தை நிழலால் அறிந்தார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, உச்சி நிழல் போக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரமளவுக்கு நீண்டதும் அஸர் வந்துவிடுகிறது. மணலில் நின்று தன் நிழலைத் தன் காலடியால் அளப்பது எழுத்தறியாதவர்களுக்கும் முடிந்த காரியம்.

இங்கே கவனிக்க வேண்டியது வக்து என்ற சொல். அது ஒரு புள்ளியைக் குறிப்பதில்லை. உள்ளே நுழைந்து கடந்து போகக்கூடிய ஒரு பரப்பு அது. வக்து வரும், வக்து இருக்கும், வக்து தவறும். "4.10க்கு வா" என்றால் 4.15க்கு வருபவன் பிந்தியவன். "அஸருக்குப் பொறகு வா" என்றால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் எப்போது வந்தாலும் அவன் நேரத்துக்கு வந்தவன்தான்.

இதைக் கேட்டதும் சிலர், முஸ்லிம்களுக்கு நேரக்கட்டுப்பாடு இல்லை, அதனால்தான் பின்தங்கினோம் என்று மேடையில் பேசுவதுபோல் சொல்லக்கூடும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டு முதல் மம்லூக்குகளின் ஆட்சியில் பெரிய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்ற பதவி இருந்தது. வக்துகளைக் கணிப்பதே அவரது தொழில். டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் தலைமை முவக்கித்தாக இருந்த இப்னு அஷ்ஷாத்திர், 1371இல் அதன் மினாராவுக்காக அமைத்த சூரியக் கடிகாரம் அக்காலத்தின் மிக நுட்பமான கருவிகளுள் ஒன்று. அவர் வகுத்த சந்திர இயக்க மாதிரிக்கும் பிற்காலத்தில் கொப்பர்நிக்கஸ் எழுதியதற்கும் உள்ள ஒற்றுமையை 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். இத்தனை துல்லியமாக நேரத்தை அளந்தவர்கள் ஊரை ஓடச் சொல்லவில்லை. வேலையை விட்டுக் கொஞ்ச நேரம் எழும்பி வரச் சொல்லவே அளந்தார்கள்.

அக்காலத்து மக்கள் சும்மா இருந்தார்கள் என்றும் எண்ணிவிடக்கூடாது. சூடு மிதிக்கும் காலத்தில் எங்கள் மூத்தவாப்பாமார் இரவிரவாகக் களவெட்டியில் நின்றார்கள். போடியாருக்கும் கமக்காரனுக்கும் இடையிலான பங்கு நியாயமாக இருந்ததில்லை. நெருக்கடியான வேலை அன்றும் உண்டு. ஆனால் அந்த நெருக்கடியை மழையும் கதிரும் கொண்டுவந்தன. சூடு அள்ளி முடிந்தால் நெருக்கடியும் முடிந்தது. மாடு மிதித்து முடியும் வரைதான் வேலை. எட்டு மணித்தியாலம் முடியும் வரை என்ற கணக்கு அங்கே கிடையாது.

இந்தக் கணக்கு முதலில் மாறியது இங்கிலாந்தில். அங்கேயும் பழைய கைத்தொழிலாளர்கள் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். நெசவாளர்களும் சப்பாத்துத் தைப்பவர்களும் ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திங்களும் ஓய்வெடுத்தார்கள். அதற்குப் 'புனித திங்கள்' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார்கள். செவ்வாய் மெதுவாகத் தொடங்கி, வெள்ளி சனியில் இரவு பகலாக வேலை செய்து முடித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலை முதலாளிகளுக்கு இது பொறுக்கவில்லை. மட்பாண்ட உற்பத்தியில் பேர் பெற்ற யோசையா வெட்ஜ்வுட் தன் தொழிற்சாலையில் மணி அடித்து ஆட்களை அழைக்கும் முறையையும், வந்த நேரத்தைப் பதியும் முறையையும் ஏற்படுத்தினார். பின்னர் வந்த ஆலைகளில், கடிகாரத்தைக் காலையில் முன்னுக்கும் மாலையில் பின்னுக்கும் தள்ளி வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று தொழிலாளர்கள் முறையிட்ட பதிவுகள் உண்டு. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை ஒன்றில் இந்த மாற்றத்தை விரிவாக எழுதியுள்ளார். தொழிலாளர்கள் முதல் தலைமுறையில் கடிகாரத்தை எதிர்த்தார்கள். அடுத்த தலைமுறைகளில் வேலை நேரத்தைக் குறைக்கவும், மேலதிக நேரத்துக்கு மேலதிகக் கூலி கேட்கவும் போராடினார்கள் என்று அவர் காட்டுகிறார். எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கடிகாரத்தையே பிடித்துக்கொண்டு நின்று வாதாடினார்கள்.

நான் கரும்பலகையில் எழுதிய தலைப்பின் சொந்தக்காரரையும் இந்தத் தேடலில் சந்தித்தேன். நேரம்தான் பணம் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்ளின். 1748இல் ஓர் இளம் வணிகனுக்கு அறிவுரையாக அதை எழுதினார். அரை நாள் சும்மா இருந்தவன் அந்த அரை நாளில் உழைத்திருக்கக்கூடியதையும் செலவழித்தவனே என்பது அவரது கணக்கு. கடைக்காரனுக்கு நல்ல கணக்குத்தான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை ஏன் எழுதிப் போட்டேன் என்றுதான் விளங்கவில்லை. சூரா அல் அஸ்ர் காலத்தின் மீது சத்தியமிட்டே தொடங்குகிறது என்று யாராவது எனக்கு ஞாபகமூட்டலாம். உண்மை. அந்த அஸ்ர் என்ற சொல் பொதுவாகக் காலத்தையும் குறிக்கும், பிற்பகல் வேளையையும் குறிக்கும் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் இரு பொருளும் கூறியுள்ளனர். மனிதன் நஷ்டத்தில் இருக்கிறான் என்று அங்கே சொல்லப்படுவது பிராங்ளினின் பேரேட்டில் வரும் நஷ்டம் அல்ல.

இலங்கைக்கு இந்தப் புதிய நேரம் முதலில் மலைநாட்டுக்குத்தான் வந்தது. கோப்பித் தோட்டங்களுக்கும், 1867க்குப் பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் விடியுமுன் தப்பு ஒலி கேட்டு எழும்பினார்கள். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பேர் வாசிக்கப்படும். செக்றோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. பிந்தினால் பேர் இல்லை. குறித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப்பேர்'. ஒரு முழு மனிதனை அந்திக்குள் அரைப் பேராக்கிவிடக்கூடிய கணக்கு அது. வேடிக்கை என்னவென்றால், தப்பும் தோல் இசைக்கருவி, நகராவும் தோல் இசைக்கருவி. இரண்டும் விடியலில்தான் முழங்கின. ஒன்று வேலையிலிருந்து மனிதனை எழுப்பிக் கூப்பிட்டது. மற்றது வேலைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது.

அதன் பின்னால் கடிகாரங்கள் வந்தன. கொழும்புக் கோட்டையில் ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி வரைந்த திட்டப்படி 1857இல் மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. 1865இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ரயில் ஓடியது. 1867இல் அது கண்டியை எட்டியது. ரயிலுக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு நேரம் ஒத்துவராது. இங்கிலாந்திலும் உள்ளூர் நேரங்களை ஒழித்தது ரயில்தான். 1840இல் ஒரு ரயில் கம்பனி லண்டன் நேரத்தைத் தன் நிலையங்களில் வைத்தது, நாற்பது வருடம் கழித்து 1880இல் அது சட்டமாயிற்று. 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிறீனிச்சை உலகத்தின் பூச்சியமாக்கியது. 1906இல் இலங்கையும் கிறீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரத்தை ஏற்றது. சூரியனோ எந்த மாநாட்டுக்கும் போகவில்லை. இன்றும் கொழும்பை விட ஏழு நிமிடமளவில் முந்தி எங்கள் கரையில் நோன்பு திறக்கிறோம். வானொலியில் கொழும்பு பாங்கு கேட்கும்போது இங்கே கஞ்சிக் கோப்பை காலியாகிவிடும்.

பாடசாலையும் இந்த வரிசையில் வருகிறது. இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. அதையடுத்து உதவி பெறும் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளின் வரவையும் பரீட்சைப் பேறுகளையும் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை வந்தது. அதனால் இடாப்பு பாடசாலையின் உயிராயிற்று. காலையில் நான் இடாப்புக் கூப்பிடும்போது, பெரட்டுக் களத்தில் பேர் வாசித்த கணக்கப்பிள்ளைக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்று இப்போதெல்லாம் எண்ணிக்கொள்கிறேன்.

ஆனால் மணியை வெறுமனே சபிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி எழுதியதும், 1892இல் மருதானையில் ஸாஹிறா உருவாகக் காரணமாக நின்றதும், நம்மவர் அந்த மணி அடிக்கும் கட்டடத்துக்குள் போகவேண்டும் என்பதற்காகத்தான். அவர் சொன்னது சரி. போகாதிருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவும் நீங்கள் வாசிக்கவும் இல்லை. மணி அறிவைக் கொண்டுவந்தது. அதனுடன் சேர்ந்து வந்த அந்தரத்தை அறிவின் ஒரு பகுதி என்று நாம் நம்பிவிட்டோம். என் சந்தேகம் அவ்வளவுதான்.

நேரம் மாறும்போது என்ன இழக்கப்படுகிறது என்பதை நமக்கு முன்பே எழுதியவர்கள் துருக்கியர்கள். உஸ்மானியப் பேரரசில் சூரியன் மறையும்போது மணி பன்னிரண்டு. அங்கிருந்து புதிய நாள் தொடங்கும். நாளுக்கு நாள் மஃரிப் நகர்வதால் கடிகாரத்தைத் தினமும் திருத்த வேண்டும். அதற்காகப் பள்ளிவாசல்களோடு சேர்ந்த முவக்கித்கானாக்கள் இருந்தன. வழியில் போகிறவர்கள் அங்கே எட்டிப் பார்த்துத் தங்கள் சட்டைப்பைக் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ரயிலும் தந்தியும் கப்பலும் ஐரோப்பிய நேரத்தைக் கொண்டுவர, ஒருவரே இரண்டு நேரம் பார்த்து நடந்த காலம் வெகுநாள் நீடித்தது. பக்தாதில் பிறந்த கவிஞர் அஹ்மத் ஹாஷிம் 1921இல் 'முஸ்லிம் நேரம்' என்ற தலைப்பில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பழைய நாள் வெளிச்சத்தோடு தொடங்கி அந்தியோடு முடிந்தது, புதிய கடிகாரமோ நள்ளிரவை நாளின் வாசலாக்கிவிட்டது, இப்போது நாம் பாலைவனத்தில் வழி தவறியவர்கள் போலானோம் என்பது அதன் துக்கம். 1926இல் துருக்கிக் குடியரசு பழைய நேரத்தைச் சட்டத்தால் நிறுத்தியது. அஹ்மத் ஹம்தி தன்பினார் 1954இல் தொடராக எழுதிய நாவலில், ஊரிலுள்ள கடிகாரங்களையெல்லாம் ஒரே நேரத்துக்குக் கொண்டுவரவும் பிந்திய கடிகாரக்காரனுக்குத் தண்டம் விதிக்கவும் ஒரு நிறுவனமே நடக்கிறது. அந்த நிறுவனத்தில் எல்லோரும் எப்போதும் பிசி. எதற்கு என்றுதான் ஒருவருக்கும் தெரியாது.

நமது நாட்டிலும் நேரத்தோடு விளையாடிப் பார்த்திருக்கிறார்கள். 1966இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் சனி ஞாயிறு விடுமுறையை நீக்கிச் சந்திரனின் நான்கு கட்டங்களையும் போயா விடுமுறையாக்கியது. சந்திரனின் ஒரு கட்டம் ஏழு நாளும் சில மணித்தியாலமும். ஆகவே வாரம் சிலவேளை ஏழு நாளாகவும் சிலவேளை எட்டு நாளாகவும் வந்தது. ஜும்ஆ மட்டும் ஏழுக்கு ஒருமுறை பிசகாமல் வந்துகொண்டிருந்தது. என் வாப்பா அப்போது பாடசாலை மாணவர். "நாளைக்கு லீவா இல்லையா எண்டு கலண்டரப் பாத்தாத்தான் தெரியும், கிழமையக் கேட்டுப் பிரயோசனமில்ல" என்பார். வெளிநாட்டு வர்த்தகத்துக்கு அது ஒத்துவரவில்லை. 1971இல் பழைய வாரம் திரும்பியது. பூரணைப் போயா மட்டும் விடுமுறையாக எஞ்சியது. வட்டைக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதும் வாப்பா சொன்னதுதான். வேளாண்மைக்குச் சனி ஞாயிறும் இல்லை, போயாவும் இல்லை.

1996இல் நடந்தது என் கண்ணால் கண்டது. வரட்சியால் நீர்மின்சாரம் குறைந்து மின்வெட்டு நீண்ட வருடம். மே 25ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாங்கள் இருட்டில் எழும்பி இருட்டில் வெளிக்கிட்டோம். பெற்றோரின் முறைப்பாடு கூட, ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் கிடைத்தது. அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. 1990க்குப் பிறகு நம்மவர் பலருக்குத் தங்கள் வயலை எட்டிப் பார்க்கவும் முடியாதிருந்த காலம் அது. போய்வந்த சொற்பப் பேர் ஒரு வழியால் போகும்போது ஒரு நேரமும் வரும்போது வேறு நேரமுமாக இருந்தார்கள். "புது நேரமா, பழய நேரமா?" என்று கேட்காமல் எவரும் சந்திப்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிவாசலின் தொழுகை நேர அட்டவணையில் எண்கள் மட்டும் மாறின. மோதினார் எப்போதும் வரும் வெயிலில்தான் வந்தார். எனக்கு அப்போது பதினாறு வயது. மணி என்பது வர்த்தமானியில் மாற்றக்கூடிய ஒன்று என்பதை நேரில் கண்ட எனக்கு, அதற்குப் பின்னும் அதன் பின்னால் ஓட எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை.

இனி எழுதப்போவதை வரலாறு என்று சொல்ல முடியுமோ தெரியாது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஒருவர், உங்கள் ஊர்ப் பெரியவர்கள் மௌத்தாகுமுன் அவர்கள் வாயிலுள்ள சொற்களை எழுதி வையுங்கள் என்று அடிக்கடி சொல்வார். ஊருக்கு வந்ததும் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, 'வட்டைச் சொற்கள்' என்று தலைப்பிட்டேன். வாப்பாவுக்குக் கண்டங்களின் பெயர், வாய்க்கால்களின் பெயர், களவெட்டியில் மட்டும் புழங்கும் பேச்சு எல்லாம் பாடம். களவெட்டிக்குள் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும் என்பதில் தொடங்கினார். அதுவே முதல் சொல். அன்று முப்பத்தொரு சொல் எழுதினேன். மறுநாள் வேறு வேலை வந்தது.

அதன் பிறகு பல வருடம், அஸர் தொழுதுவிட்டு வாப்பா முற்றத்துக் கதிரையில் இருப்பார். நான் மோட்டார் சைக்கிளில் வந்து, பாடசாலைப் பையை வைத்துவிட்டு, ரியூசன் பையை எடுப்பேன்.

"கொஞ்சம் இரி மகன்."

"நேரமில்ல வாப்பா. புள்ளயள் வந்திருவாங்க."

இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கெடுத்தால் பெரிய தொகை வரும். நான் பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2019இல் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டுத் தண்டவாளத் துண்டு மாதக்கணக்கில் ஒலிக்காமல் தொங்கியபோது, நான் பகல் முழுதும் அவர் பக்கத்தில் இருந்தேன். கொப்பியை எடுத்துக் காட்டினேன். தலைப்பை விரலால் தொட்டார். அவ்வளவுதான் முடிந்தது. ஓரிரு வாரத்தில் கைத்தொலைபேசி வழியே பாடம் அனுப்பும் வேலை தொடங்க, கதவு பூட்டிய வீட்டுக்குள்ளேயும் நான் பிசியானேன். 2021இல் வாப்பா மௌத்தானார். கொப்பியில் இப்போதும் ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது.

அந்தச் சிறுமியின் கட்டுரைக்குப் பிறகு சனிக்கிழமை வகுப்பை நிறுத்தினேன். பெற்றோர் சிலருக்குக் கோபம். ஒரு தாய், "மற்ற சேர்மார் நடத்துறாங்க, எங்கட புள்ள பின்னுக்குப் போகப் போகுது" என்று வாசலில் நின்று அழுதார். அவரது பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் பிள்ளையின் வழி மாறிப்போகும் நாடு இது. அந்தப் பிள்ளை இப்போது வேறொருவரின் சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறது. ஆகவே நான் எதையும் சாதித்துவிட்டதாகச் சொல்லவில்லை. மணியையும் நான் முறைப்படி அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சென்ற அறுவடையின்போது, வாப்பாவோடு சேர்ந்து சூடு மிதித்த ஒருவரைச் சந்தியில் கண்டேன். எண்பது தாண்டியவர். நல்ல ஞாபகம். கொப்பியின் கதையைச் சொன்னேன். "உங்கட வாப்பா சொல்லாத சொல்லும் எனக்கிட்ட இரிக்கி" என்று சிரித்தார்.

"எப்ப வர, சாச்சா?"

"நாளைக்கு அஸருக்குப் பொறகு வாங்க மகன்."

"எத்தன மணிக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அஸருக்குப் பொறகு எண்டா அஸருக்குப் பொறகுதானே."

மறுநாள் போனபோது அவர் வீட்டில் இல்லை. மாட்டை அவிழ்க்கப் போயிருப்பதாக மகள் சொல்லி, பிளேன்டீ தந்தார். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தேன். தென்னை நிழல் வேலியைத் தொட்டிருந்தது. அவர் மாட்டைக் கொண்டுவந்து கட்டி, கை கால் கழுவி, வெற்றிலை மடித்து வந்து பக்கத்தில் இருந்தபோது அது வேலியைக் கடந்து ஒழுங்கைக்குள் போயிருந்தது.

"எதில உட்டீங்க?" என்று கேட்டார்.

"பொலியில, சாச்சா."

"அப்ப களவெட்டி கட்டுறதில இரிந்து சொல்லுவம்" என்று தொடங்கினார்.